திரையில் ஒட்டும் மூக்கெண்ணெய்

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போடும் அறைகளில் இந்தக் காட்சி சாதாரணம். ஒரு மேசை, ஒரு மானிட்டர், அதன் முன்னே டிசைனர், அவர் தோளுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர். கறுப்புப் பின்னணியில் முந்தியின் கட்டங்கள் விரிந்திருக்கும். ஜவுளிக்கடைக்காரர் கையை நீட்டுவார். “தம்பி, இந்த அன்னத்த ரெண்டு கட்டம் கீழ எறக்கு.” விரல் அன்னத்தின் கழுத்தில் போய் ஊன்றும். எடுத்த பிறகு அங்கே முட்டை வடிவில் ஒரு சாம்பல் கறை. “அண்ணா, திரையத் தொடாம சொல்லுங்க” என்று டிசைனர் வாயெடுப்பதற்குள் இன்னொருவர் விரல் யாளியின் வாலில் இருக்கும்.

எரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். கிராஃப் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக டிசைன் போட்ட காலத்திலும் இதே விரல்கள்தான் தாளைத் தொட்டன; யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. திரையில் பதிந்த கறைகூட, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்ததும் காணாமல் போகிறது. கறுப்புக்குத் திரும்பினால் மறுபடி வந்து நிற்கிறது. இதைவிட விசித்திரம், பழைய மலிவு மானிட்டரில் அடங்கிக் கிடந்த கறை, காசைக் கொட்டி வாங்கிய புதுத் திரையில் கூச்சல் போடுகிறது. விலை ஏற ஏறக் கறையும் ஏறுமா? ஏறும். அதற்கு இயற்பியலில் நியாயமான காரணம் இருக்கிறது.

முதலில், அந்த எண்ணெய் யாருடையது? விரலுடையது என்றுதான் நினைப்போம். ஆனால் உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. தோலை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அங்கே கண்டதெல்லாம் வியர்வைச் சுரப்பிகள்தான். அவை நெருக்கமாக இருக்கின்றன. அவற்றின் வாய்கள் ரேகைகளின் மேட்டில் திறக்கின்றன. வியர்வையில் 98 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர். எண்ணெய்ச் சுரப்பிகள் குவிந்திருப்பது முகத்திலும் தலையிலும். அவை சுரக்கும் கொழுப்பைச் சருமநெய் என்போம். நாம் நாள் முழுக்க மூக்கைத் தொடுகிறோம், நெற்றியைத் துடைக்கிறோம், தலைமுடியைக் கோதுகிறோம். அங்கிருந்து வழித்தெடுத்ததைத்தான் விரல் திரையில் கொண்டுபோய் வைக்கிறது. நம் ஊரில் தேங்காய் எண்ணெயும், காலையில் இட்லிப் பொடிக்கு ஊற்றிய நல்லெண்ணெயும் கூடச் சேரும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையக்கூடியது. ஏசி ஓடும் அறையில், அணைத்து வைத்த திரையில் அது வெண்ணெய் போல இறுகிக் கிடந்தால் ஆச்சரியமில்லை.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். அடுத்தவர் திரையில் வேண்டாம், வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, விரலைக் கண்ணாடியில் வையுங்கள். ஈரத் தடம் ஒன்று தெரிந்து சற்று நேரத்தில் மங்கிவிடும். பிறகு மூக்கின் ஓரத்தில் ஒருமுறை தேய்த்துவிட்டு, பக்கத்தில் அதே விரலை வையுங்கள். இது மறையாது. இப்போது இரண்டின் மேலும் வாயால் ஆவி விட்டுப் பாருங்கள். சுத்தமான இடத்தில் ஒருவிதமாகவும் கொழுப்பு பட்ட இடத்தில் வேறுவிதமாகவும் பனி படியும். ரேகை வரி வரியாக எழும்பி வரும். இந்த ஆவிச் சித்திரங்களைப் பற்றி நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ராலே பிரபு 1911ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார். சுத்தமான கண்ணாடியில் நீர் படலமாகப் பரவுகிறது, அழுக்குக் கண்ணாடியில் நுண்துளிகளாகத் திரள்கிறது என்பதே அவர் பிடித்த நூல். கண்ணுக்குத் தெரியாத கொழுப்பைக் காட்டிக்கொடுக்க இன்றும் இதைவிட எளிய வழி கிடையாது.

எண்ணெய் முகத்திலிருந்து வருகிறது என்பதற்கு இன்னொரு சாட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. குழந்தைகளின் விரல்ரேகைகள் பெரியவர்களுடையதை விடச் சீக்கிரம் மறைந்துவிடுவதை அமெரிக்காவில் போலீசார் கவனித்தார்கள். டென்னசியில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் 1990களில் அந்தத் தடங்களைப் பகுத்துப் பார்த்தபோது, குழந்தைகளின் தடத்தில் எளிதில் ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள் மிகுந்திருந்தன. பெரியவர்களின் தடத்தில் சருமநெய்யின் கனமான, ஆவியாகாத எஸ்டர்கள் மிகுந்திருந்தன. எண்ணெய்ச் சுரப்பிகள் முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்குவது பருவ வயதில். ஆகவே ஐந்து வயதுப் பேரன் திரையைத் தொட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். தாத்தாவின் கறைதான் தங்கும்.

எண்ணெய் ஏன் கண்ணாடியோடு இப்படி ஒட்டிக்கொள்கிறது? எந்தத் திரவத்தின் மேற்பரப்பும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். இதைப் பரப்பு இழுவிசை என்பார்கள். தண்ணீருக்கு அது 72 அலகு என்றால், கொழுப்பு எண்ணெய்களுக்கு 30க்கு அக்கம்பக்கம். தன்னைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் வலு எண்ணெய்க்குக் குறைவு என்பதால் எதன் மேல் வைத்தாலும் பரவுகிறது. அது பரவாமல் குமிழாக நிற்க வேண்டுமானால், அதைவிடவும் ஈர்ப்புக் குறைந்த பரப்பு தேவை. ஃபுளோரின் சேர்ந்த கரிமச் சேர்மங்களால்தான் அது கைகூடுகிறது. நான்-ஸ்டிக் தவாவில் இருப்பதும் அந்தக் குடும்பம்தான். 2009ல் வந்த ஐபோன் 3ஜிஎஸ் மாடலில் இத்தகைய எண்ணெய்-விலக்குப் பூச்சு இருந்தது. அதன் தடிமன் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விலக்கு என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். எண்ணெய் அதில் ஒட்டத்தான் செய்யும்; துடைத்தால் சுலபமாக வரும், அவ்வளவே. தேய்க்கத் தேய்க்கப் பூச்சும் போய்விடும். மேசை மானிட்டர்களில் பெரும்பாலும் அதுகூடக் கிடையாது. விரல் படும் என்று எதிர்பார்த்து அவற்றை யாரும் செய்யவில்லை.

இனி கறை ஏன் கண்ணில் படுகிறது என்பதற்கு வருவோம். விரல்ரேகைக் கறை தானாக ஒளிர்வதில்லை. அது நுண்துளிகளின் கூட்டம். தன் மேல் விழும் ஒளியைக் கண்டபடி சிதறடிக்கிறது. கூரையில் எரியும் டியூப்லைட்டின் ஒளியில் ஒரு சிறு பங்கு கறையில் பட்டுச் சிதறி உங்கள் கண்ணுக்கு வருகிறது. சாதாரண எல்சிடி திரையில் வெள்ளைப் பகுதி கறுப்புப் பகுதியைப் போல ஆயிரம் மடங்கு ஒளிரும். வெள்ளையின் வெள்ளத்தில் அந்தச் சிறு பங்கு கரைந்துவிடும். கறுப்பில் அதற்குப் போட்டியே இல்லை. கறுப்புப் பின்னணியில் வேலை செய்யும் டிசைனரின் நரம்பு ஏன் சீக்கிரம் புடைக்கிறது என்பது இப்போது புரியும். வெள்ளைத் தாளில் கணக்கு எழுதுகிறவர் திரையையும் நாலு பேர் தொட்டிருப்பார்கள், அவருக்குத் தெரியாது.

சாய்வாக ஒளி பாய்ச்சினால் கறை இன்னும் எடுப்பாகத் தெரியும். 2010ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண்ட்ராய்டு போன்களைப் பல கோணங்களில் ஒளியூட்டிப் படமெடுத்தார்கள். ஒரு சோதனையில், அவர்கள் முயன்ற ஒளி, கேமரா அமைப்புகளில் 68 சதவீதத்தில், திரையைத் திறக்க விரலால் இழுக்கும் கோடு முழுவதையும் கறையிலிருந்தே படிக்க முடிந்தது. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே என்கிறோம், அதைத் திரையில் நாமே எண்ணெயால் எழுதி வைத்துவிட்டு.

இதுவரை சொன்னது பளபளப்புத் திரையின் கதை. மேட் திரையில், அதாவது வழவழப்பில்லாமல் சொரசொரப்பாகச் செய்த திரையில், கதை தலைகீழ். அங்கே கறை சாம்பலாக அல்ல, இருண்ட மினுமினுப்பாகத் தெரியும். இதைப் புரிந்துகொள்ள காஞ்சிபுரத்துக்காரர்கள் திரையைப் பார்க்க வேண்டியதில்லை, கோயில் தூணைப் பார்த்தால் போதும். வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட வரிசையில் நிற்கும் ஊர் இது. தொடுவதில் இங்கே யாருக்கும் கூச்சம் கிடையாது. கல் மண்டபங்களில் கை எட்டாத உயரத்துச் சிற்பங்கள் வெளுத்த சாம்பல் நிறத்தில் இருக்கும். கை எட்டும் உயரத்தில் குதிரையின் மூக்கோ யாளியின் காலோ கருத்து மினுங்கும். கருங்கல்லின் சொரசொரப்பான முகத்தில் எண்ணற்ற நுண்குழிகள், குழிகளில் காற்று. காற்றும் கல்லும் சந்திக்கும் ஒவ்வொரு விளிம்பிலும் ஒளி சிதறுவதால் கல்லின் மேல் ஒரு வெளிறிய திரை படர்ந்தது போல் ஆகிறது. கைகளின் எண்ணெய் குழிகளை நிரப்பினால் நிலைமை மாறும். ஒளி ஒரு பொருளுக்குள் எவ்வளவு வேகம் குறைகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். காற்றுக்கு 1, எண்ணெய்க்குச் சுமார் 1.47, கல்லின் கனிமங்களுக்கு 1.5ஐ ஒட்டி. எண்ணெயிலிருந்து கல்லுக்குள் போகும் ஒளி ஏதோ எல்லையைக் கடந்ததாகவே உணராது. சிதறல் நிற்கும், கல்லின் உள்நிறம் தெரியும். தலைமுறை தலைமுறையாகத் தடவிய கைகள் மேட்டையும் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கும். மேட் திரையின் குழிகளிலும் விரலெண்ணெய் இதே வேலையைச் செய்கிறது. சொரசொரப்பு போய் அந்த இடம் மட்டும் குட்டிக் கண்ணாடியாகிறது. டியூப்லைட்டுக்கு நேரான கோணத்தில் பார்த்தால் பளிச்சென்றும் மற்ற கோணங்களில் இருண்டும் தெரிகிறது.

பஜ்ஜி சுற்றிய தாள் ஊடுருவித் தெரிவதும் இதனால்தான். தாளின் நார்களுக்கு இடையே இருந்த காற்றை எண்ணெய் வெளியேற்றிவிட்டது. ஜெர்மானிய வேதியியலாளர் புன்சன் இதை வைத்து ஒளியளக்கும் கருவியே செய்தார். தாளில் ஒரு எண்ணெய்ப் பொட்டு. முன்பக்க ஒளி அதிகமானால் பொட்டு இருட்டாகவும், பின்பக்க ஒளி அதிகமானால் வெளிச்சமாகவும் தெரியும். இரண்டு பக்கமும் சமமானால் பொட்டே மறைந்துபோகும். தெரிந்த விளக்கை ஒரு பக்கமும் தெரியாத விளக்கை மறுபக்கமும் வைத்து, பொட்டு மறையும் இடத்துக்கு நகர்த்தினால் போதும், தூரக் கணக்கில் வெளிச்சத்தை அளந்துவிடலாம். கறையை இத்தனை மரியாதையாக நடத்தியவர் வேறு யாருமில்லை.

விலை உயர்ந்த திரைக்கு வருகிறேன். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதம் எதிரொளித்துத் திரும்பிவிடும். கறுப்புத் திரையில் உங்கள் முகமும் பின்னால் இருக்கும் ஜன்னலும் தெரிவது இந்த 4 சதவீதத்தால். இதை ஒழிக்க ஒரு தந்திரம் உண்டு. கண்ணாடி மேல், ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு தடிமனுள்ள ஒரு படலத்தைப் பூச வேண்டும். அப்போது படலத்தின் மேல்முகத்திலிருந்து திரும்பும் அலையும் கீழ்முகத்திலிருந்து திரும்பும் அலையும் ஒன்றுக்கொன்று அரை அலை பிந்தி வரும். ஒரே ஊஞ்சலை ஒருவர் முன்னாலும் இன்னொருவர் பின்னாலும் ஒரே நேரத்தில் ஒரே பலத்தோடு தள்ளினால் ஊஞ்சல் அசையாமல் நிற்கும் அல்லவா, அதுபோல இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குறுக்கீட்டு விளைவு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். படலத்தின் ஒளிவிலகல் எண்ணும் காற்றுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சரியாக அமைய வேண்டும்.

1938ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கேத்தரின் பிளாட்ஜெட் இப்படி ஒரு கண்ணாடியை அறிவித்தார். கொழுப்பு அமிலம் மிதக்கும் தண்ணீரில் கண்ணாடியை மீண்டும் மீண்டும் முக்கியெடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு மூலக்கூறு தடிமனுள்ள அடுக்கை ஏற்றினார். 44 அடுக்குகள் ஏறியதும் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. நம்மைத் தொல்லைப்படுத்தும் கறையின் நெருங்கிய உறவான ஒரு கொழுப்புதான் அங்கே எதிரொளிப்பை ஒழித்தது. வித்தியாசம் ஒழுங்கில்தான் இருக்கிறது. பிளாட்ஜெட்டின் படலம் மெத்தென்று இருந்ததால் தேய்த்தால் போய்விடும், ஆகவே கடைக்கு வரவில்லை. வெற்றிடத்தில் படியவைத்த கடினமான படலங்களே லென்சுகளுக்கும் பிறகு திரைகளுக்கும் வந்தன.

இப்போது அந்த நுட்பமான படலத்தின் மேல் ஜவுளிக்கடை அண்ணன் விரலை வைக்கிறார். படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதன் மேல் எண்ணெய் தாறுமாறான தடிமனில் உட்காருகிறது. படலம் இனி காற்றைப் பார்க்கவில்லை, எண்ணெயைப் பார்க்கிறது. கணக்கு குலைகிறது. எண்ணெயின் மேல்முகம் மட்டுமே சுமார் 3.5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். பூச்சில்லாத கண்ணாடியில் சுற்றிலும் 4, கறையில் 3.5, ஆகவே பெரிய வேறுபாடில்லை. சிதறல் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பூச்சுள்ள திரையில் சுற்றிலும் 1க்கும் கீழே, கறையில் 3.5. பல மடங்கு. எதிரொளிப்பைக் குறைக்க எவ்வளவு செலவு செய்தீர்களோ அவ்வளவு துலக்கமாக உங்கள் விருந்தாளியின் விரல் தெரியும்.

சரி, ஏன் தொடுகிறார்கள்? மரியாதை தெரியாததால் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொடாமல் சுட்டிக்காட்டுவது உண்மையிலேயே கடினம். பள்ளியில் படித்த இடமாறு தோற்றப் பிழையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். திரையிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி டிசைனரின் கண். அதே தூரத்தில், 60 சென்டிமீட்டர் வலப்பக்கமாகக் கடைக்காரரின் கண். அவர் விரலைத் திரைக்கு 5 சென்டிமீட்டர் முன்னால் நிறுத்தினால், அவர் காட்டும் இடத்துக்கும் டிசைனர் கண்ணுக்குப் படும் இடத்துக்கும் 4 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். 24 அங்குல சாதாரண மானிட்டரில் ஒரு புள்ளியின் அகலம் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அப்படியானால் 150 புள்ளிகளுக்கு மேல் தள்ளிப்போகிறது. அன்னத்தைக் காட்டினால் மயில் நகரும். டிசைனை நெய்யவைக்கும் ஜக்கார்டு கருவியில் ஒவ்வொரு கட்டமும் தறியில் ஒரு கொக்கி ஏறுவதா இறங்குவதா என்பதைத் தீர்மானிப்பது. பிழையைச் சுழியாக்க ஒரே வழி விரலைத் திரையோடு ஒட்டவைப்பது. தன்னையறியாமல் அவர் செய்வது நல்ல வடிவியல்.

பல பேர் பக்கவாட்டில் நின்று பார்க்க முடிவதும் ஒரு காரணம். பழைய எல்சிடி திரைகளை ஓரத்திலிருந்து பார்த்தால் நிறங்கள் புரண்டு தெரியும். அரக்கும் மாம்பழ மஞ்சளும் அடையாளம் தெரியாமல் போகும். 1977ல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சி. வி. ராமனின் மருமகன் முறையான எஸ். சந்திரசேகரும் அவருடைய குழுவும் தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன திரவப் படிகங்களைக் கண்டறிந்தார்கள். பிற்காலத்தில் ஜப்பானின் ஃபுஜி நிறுவனம் அத்தகைய தட்டுகளைக் கொண்டு செய்த படலம் பல எல்சிடி திரைகளின் பார்வைக் கோணத்தை விரித்தது. தோளுக்குப் பின்னால் கூட்டம் கூடுவதில் பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு.

இதோடு போன் பழக்கமும் சேர்ந்துகொண்டது. விரலின் மின்கடத்தும் தன்மையை உணரும் தொடுதிரையை இங்கிலாந்தின் மால்வெர்னில் ஈ. ஏ. ஜான்சன் 1965லேயே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்காக உருவாக்கிக் காட்டினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது எல்லோர் சட்டைப்பைக்கும் வந்தது. அதன்பின் தொடாதே என்று சொல்லும் திரைதான் விதிவிலக்கு. அதிலும் பட்டுத் தொழிலில் இருப்பவர்கள் எதையும் விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தே விலை சொல்லிப் பழகியவர்கள். சேலையின் படத்தைக் கண்ணால் மட்டும் பார் என்றால் கை கேட்குமா?

வேடிக்கை என்னவென்றால், திரையில் இத்தனை தெளிவாகப் பதியும் அதே விரல் ரேஷன் கடைக் கருவியில் சில சமயம் பதிய மறுக்கிறது. கைத்தொழில் செய்பவர்களும் முதியவர்களும் ரேகை ஒத்துப்போகாமல் திரும்பத் திரும்ப விரல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒளியால் இயங்கும் ரேகைக் கருவியில், கண்ணாடிக்குள் முழுதாக எதிரொளித்துக்கொண்டிருக்கும் ஒளியை, ரேகையின் மேடு ஈரத்தோடு ஒட்டும் இடத்தில் மட்டும் தோல் கவர்ந்துகொள்கிறது. தேய்ந்த மேடும் வறண்ட தோலும் அப்படி ஒட்டுவதில்லை. திரைக்கு வரி தேவையில்லை, எண்ணெய் போதும். கருவிக்கு வரி வேண்டும்.

அழுத்தித் தொட்டால் நிறம் கலங்குமே, அது வேறு விஷயம். எல்சிடியின் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு தடிமனில்தான் இருக்கிறது. விரல் அழுத்தினால் அந்த இடைவெளி குறுகி, மூலக்கூறுகளின் வரிசை குலைகிறது. விரலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேனா மூடியால் தட்டிக் காட்டுகிறவர்களைத்தான் நான் மன்னிக்கத் தயாரில்லை.

துடைப்பதற்கு இந்த ஊரில் தாராளமாகக் கிடைக்கும் பட்டு உதவாது. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டெனியர் என்பது கணக்கு. பட்டுப்புழுவின் ஒற்றை இழை ஏறக்குறைய ஒரு டெனியர். கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபரின் இழை அதைவிட மெலிந்தது. பிளந்து செய்வதால் அதன் ஓரங்கள் ஆப்பு போல் கூர்மையாக இருக்கும், இழைகளின் சந்துகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பட்டிழை வழவழப்பானது, எண்ணெயை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவதோடு சரி. சரிகை முந்தானையால் துடைப்பது பற்றி நினைக்கவே வேண்டாம். மேட் மானிட்டர்களின் மேல்முகம் பெரும்பாலும் கண்ணாடியல்ல, பிளாஸ்டிக் படலம். சரிகையின் வெள்ளிக் கம்பியும் இடையில் சிக்கிய மணல் துகளும் அதைக் கீறிவிடும். திரையை அணைத்து, முதலில் தூசியைத் தட்டி, லேசாக நனைத்த துணியால் அழுத்தாமல் துடையுங்கள். அம்மோனியாவும் ஸ்பிரிட்டும் பூச்சைக் கெடுக்கக்கூடும். துணியும் நாளடைவில் எண்ணெய் ஏறி, துடைப்பதை விட்டுப் பூசத் தொடங்கும். அப்போது சோப்பில் அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தை மட்டும் சேர்க்காதீர்கள், அதிலும் இருப்பது கொழுப்பின் உறவான சேர்மம்தான்.